திறக்காத கதவும் உடைந்த பல்லும்

அவையை அழகுசெய்யும் தலைவர் அவர்களே! ஒப்பனை கலையாமல் வந்தமர்ந்திருக்கும் ஆடலரசியரே! பிள்ளையின் ஆட்டத்தைப் பார்க்கத் துணிந்து வந்த தாய்மாரே! தோளுரசி நிற்கும் தோழமையே! வணக்கம்!

ஆணை நேசிக்கும் ஆணும், பெண்ணை நேசிக்கும் பெண்ணும், திருநங்கையும் திருநம்பியும் அச்சமின்றி ஆடும் அரங்கம் நம் அரங்கம்! அதை நடத்தும் பேறு எனக்கு. இதன் பின்சுவரில் நம் ஓவியத் தங்கை ஒரு கதவு வரைந்தாள். என்ன கதவு! பாதி திறந்த கதவு! பார்த்தவர் கைப்பிடியைத் தேடும் கதவு! அதனுள்ளே, ஒளிவெள்ளத்தில் இணையிணையாய் ஆடும் நம்மவர்கள்!

வந்தார் தீயணைப்புத் துறை ஆய்வாளர். விறுவிறுவென்று நடந்தார். வரைந்த கதவில் மோதினார். முன்பல் உடைந்தது. (சிரிக்காதீர்கள் அம்மா, வலித்தது அவருக்கு!)

"ஏம்மா பூட்டி வெச்சிருக்கீங்க?"

"சார், அது ஓவியம்."

"எதுவா வேணா இருக்கட்டும். அவசரத்துக்குத் திறக்கணும். இல்லேன்னா அரங்கத்துக்கே சீல்!"

வாதாடினோம், மன்றாடினோம், மசியவில்லை. ஓவியத் தங்கை கண்ணீரோடு ஒதுங்கி நின்றாள். ஒத்திகைக்கு வந்த நம் மின்மினி, ஜிகினா உடையும் ஒட்டு இமையுமாகச் சம்மட்டியைத் தூக்கினாள். படார்!

அப்பால் சந்து என்று நினைத்தோம். இருந்ததோ பக்கத்துப் பல் மருத்துவமனை! நாற்காலியில் வாய்பிளந்து கிடந்தவர் யார்? அதே ஆய்வாளர்! புழுதி நடுவே தகதகவென்று மின்மினி! அலறப் பார்த்தார், வாய் நிறையப் பஞ்சு. "ஆ... ஆ..." என்றார்.

"ஆமான்னுட்டாருக்கா! அனுமதி கிடைச்சிருச்சு!" என்று குதித்தாள் மின்மினி.

மருத்துவர் சிரிக்கவில்லை. நம் பாட்டுச் சத்தத்துக்காக எத்தனை முறை சண்டைக்கு வந்தவர்! எஞ்சிய ஓவியத்தில் கைகோத்து ஆடும் இரண்டு ஆண்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் தம்பியும் இப்படித்தான். சொன்ன அன்னிக்கே வெளிய போடான்னுட்டேன்" என்றார். "இங்க நிஜக் கதவே வெச்சுக்குங்க. என் பக்கச் சுவர்லயும் இதே மாதிரி வரைஞ்சு குடுங்க."

கலை என்ன செய்யும் என்று கேட்கிறார்களே, அவர்கள் வரட்டும்! வந்து இந்த முன்வரிசையைப் பார்க்கட்டும்! தேடிப் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி, தம்பியின் கையைப் பற்றி அழைத்து வந்து அமர்ந்திருக்கிறார் அந்த அண்ணன்! இன்னும் அந்தக் கையை விடவில்லை! தட்டுங்கள் கைகளை! இன்னும் பலமாக!

என்ன தம்பி? அண்ணனுக்கு ஆட வராதா? அதனாலென்ன, இங்கே யாருக்குத்தான் சரியாக வருகிறது! எழுந்திருங்கள் டாக்டர், தம்பி கூப்பிடுகிறார். பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. பேச்சு போதும், பாட்டைப் போடுங்கள்! வணக்கம்!