உள்ளேயே இருந்த பைல்

"நேத்து ஆபீசுல, பைலு உள்ளயேதான் இருக்கு மச்சான். ஆனா கம்ப்யூட்டர் இல்லவே இல்லன்னுது."

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், தூங்கும் குழந்தையை மடியில் வைத்திருந்தவர் தன் மனைவியின் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன பைலு மாமா?"

"லைப்ரரி பைலு. அது இல்லாம அலை உசரம் கணக்குப் போடற எங்க புரோகிராம் ஓடாது. கடலுக்குப் போலாமா வேணாமான்னு பரங்கிப்பேட்ட போட்டுக்காரங்க எங்க மெசேஜுக்குக் காத்துக்கெடக்கறாங்க. பதட்டத்துல பக்கத்து மிஷின்லேருந்து காப்பி பண்ணிப் போட்டேன். அது பழைய வெர்ஷன். இன்னும் மோசமாயிடுச்சி."

"அய்யய்யோ."

"உங்க அக்காவுக்குப் போன் போட்டேன். 'மொதல்ல நீங்க போட்டத எடுங்க'ன்னா. அப்புறம் எல்டிடின்னு ஒரு கமாண்ட் போடச் சொன்னா. எந்த லைப்ரரி கெடைக்கலன்னு அது காட்டிக்குடுத்துச்சி. தேடிப்பாத்தா, சரியான பைலு வேற போல்டர்ல கெடக்குது. அந்த போல்டர்லயும் தேடுன்னு சிஸ்டத்துக்குச் சொல்ல ஒரே ஒரு கமாண்ட் குடுத்தா. ஓடிடுச்சி மச்சான்!"

"இவ்ளோ தெரிஞ்சவள வூட்லயே வச்சிருக்கீங்களே மாமா."

அவர் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"எங்க வச்சிருக்கேன்? இன்னிக்கு இன்டர்வியூவுக்குப் போயிருக்கா. அதான் நான் லீவு போட்டு பாப்பாவப் பாத்துக்கறேன்."

"எந்த ஆபீசு?"

"எங்க ஆபீசுதான். எனக்கு மேல உள்ள போஸ்ட்டு. கெடச்சிடணும் மச்சான்."