வெறும் கோப்பு

எனக்கு யாரிடமும் வலியப் போய்ப் பேச வராது, சார். அலுவலகத்தில் என்னை வாயில்லாப் பூச்சி என்பார்கள். தெரியும்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு என் பக்கத்து மேசை. சலவை இயந்திரத்துக்குள் இருக்கும் சிப்புக்கு நிரல் எழுதுவதுதான் எங்கள் வேலை. எழுதியதை அந்தச் சிப்புக்குப் புரியும்படி மாற்ற ஒரு கம்பைலர் உண்டு. நிரல் எழுதும் மென்பொருள் அதைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். அவர் கணினியில் முதல் நாள் கண்டுபிடிக்கவில்லை. சரிசெய்து கொடுத்தேன். "உங்களுக்குக் கைராசிங்க," என்றார். அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

மறுநாள் அவர் என் பக்கம் திரும்பவில்லை. எல்லாம் ஒழுங்காக இருந்தால் எதற்குத் திரும்பப் போகிறார்? அவர் டீ குடிக்கப் போனபோது, கம்பைலரின் பெயரிலேயே ஒரு வெறும் கோப்பு உருவாக்கி, அவர் கணினியில் மென்பொருள் முதலில் தேடும் இடத்தில் வைத்தேன். மென்பொருள் அதைக் கூப்பிட்டு, எந்தப் பதிப்பு என்று கேட்கும். அது வாயைத் திறக்காது. என் ஜாதகம்தான் அதற்கும். 'கம்பைலர் இல்லை' என்று சிவப்பில் வந்தது. நாற்காலி என் பக்கம் திரும்பியது.

பிறகு பழகிவிட்டது. அவர் உதவி கேட்டதும் அதை எடுப்பேன், அவர் வீட்டுக்குப் போனதும் திரும்ப வைப்பேன். இருக்கும் இடம் தெரிந்த ஒன்றை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தேடுவது சாதாரண வேலை இல்லை. அவரும் தேடினார், கம்பைலர் இருக்க வேண்டிய இடத்தில். இருக்கக் கூடாத இடத்தில் யார் தேடுவார்கள்?

தேடும் நேரத்தில்தான் பேசுவார். அம்மாவுக்கு டயாலிசிஸ். பணி நிரந்தரமானால் கம்பெனி காப்பீட்டில் அம்மாவைச் சேர்த்துவிடலாமாம். அதனாலேயே அவரிடம் கூடுதல் பொறுமையாக இருந்தேன்.

நீங்கள் அவர் வேலையைப் பார்க்க வந்த அன்று காலை எடுத்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் நிரந்தரமானதும் அவரை மாடிக்கு மாற்றப்போவதாக நீங்கள்தான் சொல்லியிருந்தீர்கள். திரையில் சிவப்பைப் பார்த்துவிட்டு, "ஒரு கம்பைலரைக்கூட வைக்கத் தெரியாதா தம்பி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். அவ்வளவு கடுமை வேண்டாம் சார். எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது.

வேலை போய், பையை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பும்போது, "நீங்க மட்டும் இல்லன்னா முதல் வாரமே என்னை அனுப்பியிருப்பாங்க," என்றார். என்னை யாரும் இப்படிச் சொன்னதில்லை.

நீங்கள் கேட்டது இவ்வளவுதான். ஆனால் சொல்ல வந்தால் முழுதாகச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர் லேப்டாப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வேறு கம்பெனியில் தேர்வு, அங்கேயே உட்கார்ந்து இதே லேப்டாப்பில் நிரல் எழுதிக் காட்ட வேண்டுமாம். கம்பைலரை வைத்து, ஓடுவதையும் காட்டினேன். என் அம்மா டீ கொடுத்தாள், அவர் வாங்கத் திரும்பினார். எனக்கு அந்த நேரம் போதும். அடுத்த முறை மென்பொருளைத் திறக்கும்போதுதான் தெரியும்.

இன்றைக்குத்தான் அந்தத் தேர்வு. புது இடத்தில், பாவம், அவருக்கு யாரைத் தெரியும்? நீங்கள் கேட்டு முடித்திருந்தால் என் போனைக் கொடுத்துவிடுங்கள் சார், அவர் கூப்பிடும் நேரம்.