மாசத்துக்கு ஒரு நாள்

அதெப்படி தெருவுல எல்லா வீட்லயும் ஒரே பதில் வரும்னு கேக்கறீங்க. வரும்மா. காலையில உங்க வண்டி முனையில வந்து நின்னப்பவே நான் வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டேன். கறி எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு கேப்பாங்க, மாசத்துக்கு ஒரு நாள்னு சொல்லுங்க, அதுக்கு மேல வாயத் திறக்காதீங்கன்னு. உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க.

ஆராய்ச்சின்னா, யாருக்கு? அந்த அட்டையக் காட்டுங்க. போட்டோவுல சிரிக்கறீங்க, நேர்ல காணோம். சரி, வச்சுக்குங்க. சின்னக் கேள்விதானேங்கறீங்க. தூண்டில் முள்ளும் சின்னதுதாம்மா.

இதே கேள்வியோட முன்னாடி ஒருத்தன் வந்தான். அப்ப நான் இரும்பு உருக்கற ஆலையில சங்கச் செயலாளர். ஆலை கேன்டீன்ல புதன், சனி ரெண்டு நாளும் கறி உண்டு. கெஞ்சி வாங்கினதில்ல, போராடி வாங்கினது. வந்தவன் பூனை மாதிரி பவ்யம். தொழிலாளர் நலன்னான். வீட்ல எத்தனை நாள் கறின்னு ஆளாளுக்கு ஒரு தாள் எழுதி, கையெழுத்து வாங்கிட்டுப் போனான். ரெண்டே மாசம். கேன்டீன்ல கறிய நிறுத்திட்டாங்க. வீட்லயே தின்னு கொழுக்கறீங்க, இங்க வேற எதுக்குன்னு.

வேலைய நிறுத்தினோம். பதினோரு நாள். உலையெல்லாம் ஆறிப்போச்சு. பன்னெண்டாம் நாள் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டான் மேனேஜர். ஒரு தாள எடுத்து, பேர் இருக்கற எடத்தக் கட்டைவிரலால மறைச்சுக்கிட்டுக் காட்டினான். வாரத்துக்கு நாலு நாள். உங்க ஆளு எழுதினதுதானேன்னான். எனக்கு ரெண்டு பக்கமும் இருந்தவங்க தலை தொங்கிருச்சு. அதோட முடிஞ்சுது. போன கறி போனதுதான்.

வெளிய வந்தா, எவன்டா அந்த நாலு நாள்காரன்னு கேட்ல ஒரே கூச்சல். என் மச்சினன்தான்னு சொன்னேன். சம்சாரத்தோட தம்பி. கொஞ்சம் பூசின உடம்பு, அதனால எல்லாரும் நம்பிட்டாங்க. சொந்தக்காரன்னும் பாக்கல, செயலாளர்னா இவர்தான்னு எனக்குக் கைதட்டு வேற. அவன சங்கத்த விட்டுத் தள்ளினோம். நாலு நாள்ங்கறதே அவனுக்குப் பேராகிப்போச்சு.

தெருக்கோடியில நீலக் கேட்டு வீடு, அவனோடதுதான். போனீங்களா? என்ன சொன்னான்? சும்மாதான் கேக்கறேன். ரகசியமா? அப்ப எல்லா வீட்லயும் ஒரே பதில்னு வந்ததும் வராததுமா என்கிட்ட எதுக்குச் சொன்னீங்க?

அவனுமா? மாசத்துக்கு ஒரு நாள்னா? நல்லாப் பாருங்கம்மா, நீலக் கேட்டு. அங்க நான் போகலையே. இருபத்தாறு வருஷமா அந்த வாசப்படி மிதிச்சதில்ல. என் வீட்டுக்காரி பின்பக்கமாப் போய்ச் சொல்லியிருப்பா. சொன்னா மட்டும்? அவனுக்கு என்ன தலையெழுத்து, நான் சொன்னதச் சொல்லணும்னு? தள்ளினவங்க தள்ளிட்டோம், அவன் இன்னும் சங்கத்துலதான் இருக்கான் போல.

தண்ணி குடிங்க.

அந்தப் பவ்யக்காரன் வந்தப்ப நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்தான். அடுப்புல வெறும் கீரை. மோந்து பாத்துட்டு, கறியெல்லாம் உண்டா, இல்ல எப்பவும் இதுதானான்னு ஒரு சிரிப்பு சிரிச்சான். செயலாளர் வீட்ல உக்காந்துக்கிட்டு. வாரத்துக்கு நாலு நாள்னு எழுதிக்கோய்யான்னேன். கையெழுத்தும் போட்டேன், நல்லாப் பெரிசா. மச்சினன் இதோ, இங்க உக்காந்து, கீரைக்கு உப்புப் பத்தலக்கான்னு உள்ள பாத்துக் குரல் குடுத்துட்டிருந்தான். அதுக்கப்புறம் இன்னிவரைக்கும் அவன் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல.

எழுதிக்குங்க. எங்க வீட்லயும் மாசத்துக்கு ஒரு நாள். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க.