இடது பக்க பட்டன்

காபியெல்லாம் வேணாம் ஓஸ்வால்ட் அங்கிள், நீங்க உக்காருங்க. மூணு நாளா உங்க கம்ப்யூட்டர மாடில வெச்சுப் பாத்துட்டேன். ஆபீஸ்ல தெரிஞ்சவங்ககிட்டயும் காட்டினேன். ஆஞ்சலா ஆன்ட்டி உயிரோட இருந்தப்ப பாடினது ஒண்ணுகூட சிக்கல. அந்த வைரஸ் மொத்தத்தயும் அழிச்சிருச்சு. கேசட்டுங்க எதுனா மிச்சம் இருக்கா? ஆமால்ல, கம்ப்யூட்டர்ல ஏத்தினதும் தூக்கிப் போட்டுட்டீங்க. இனிமே எதுக்கு அங்கிள்னு நான்தான சொன்னேன்.

சே, நீங்க ஏன் சாரி சொல்றீங்க? ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு பெர்னார்ட் ஃபாதர்கிட்ட நீங்க பேசினது என் காதுல விழுந்துச்சு. அவ கொரல என் கையாலயே கொன்னுட்டேன் ஃபாதர்னு சொன்னீங்களே. அதுலேந்து எனக்குச் சோறு எறங்கல.

வயசெல்லாம் காரணமில்ல அங்கிள். பழைய ஆன்ட்டிவைரஸ்ல, வைரஸ் வந்தா திரையில ஒரு பெட்டி வரும்ல, அது என்ன கேக்கும்? இது ஆபத்தான ப்ரோக்ராம், நிறுத்திடவான்னு கேக்கும். இடது பக்கம் ‘யெஸ்’னு பட்டன். அமுக்கினா நின்னுடும். ரெண்டு வருஷமா அதத்தான செஞ்சீங்க. கிறிஸ்மஸுக்கு நான் புது வெர்ஷன் போட்டுக் குடுத்தேன்ல, அதுல இன்னொரு பெட்டி இருக்கு. அதே மஞ்சக் கலரு, அதே பூட்டு படம், யெஸ் பட்டனும் அதே எடத்துல. ஆனா அந்த ப்ரோக்ராம ஓட விடவான்னு கேக்குது. கை பழகின எடத்துக்குத்தான போகும்?

எப்படித் தெரியும்னா... நான் டெஸ்டிங்ல இருக்கேன்ல. சாப்ட்வேர் வெளிய போறதுக்கு முன்ன தப்பு கண்டுபுடிக்கற வேல. அம்மா ஊரெல்லாம் பீத்திக்கிறாங்களே, அந்த வேலதான்.

அந்த ஆன்ட்டிவைரஸ் எங்க கம்பெனியோடது. இந்தப் பெட்டி போன வருஷம் டெஸ்டிங்குக்கு எங்கிட்டதான் வந்துச்சு அங்கிள். பழசுக்குத் தலகீழா கேக்குதுன்னு எழுதினேன். எழுதாம இல்ல. வெள்ளிக்கெழம ரிலீஸ். மேனேஜர் யசோதா மேடம் வந்து, இதுக்காக நிறுத்தணுமா ஜூடித், நெஜமாவே யாராச்சும் மாத்தி அமுக்குவாங்களான்னு கேட்டாங்க. அவங்க மெரட்டல்லாம் இல்ல. கேள்விதான் கேட்டாங்க. எல்லாரும் வீட்டுக்குக் கெளம்பற நேரம், நான் ஒருத்தி மட்டும் எதுக்கு நிறுத்தணும்னு தோணிச்சு. படிச்சுப் பாத்துதான் அமுக்குவாங்க, பிரச்சன இல்லன்னு ஒரு வரி எழுதி மூடிட்டேன். கீழ என் பேருதான் இருக்கு.

ஃபாதர்கிட்ட அதச் சொல்லிடுங்க. உங்க கை இல்ல அது.

எங்க எந்திரிக்கிறீங்க? வேணாம் அங்கிள். எனக்குப் போயி காபி போடாதீங்க.