பள்ளிக்கூட வாசலுக்கு மேலே ஒரு கம்பு

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் பொன்னுவேல் அவர்களே, பள்ளி ஆசிரியை லீலா அவர்களே, மழையையும் பாராமல் பெரும்பாறைத் தோட்டங்களிலிருந்து வந்து கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! பள்ளிக் குழுத் தலைவர் வீரையா அண்ணன் இல்லாத கூட்டத்தில், செயலாளர் நான் பேச நிற்கிறேன்.

எழுபத்தைந்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றப்பட்டு, மண்டபம் முகாமில் கிடந்த எங்களை இந்த மலைக்கு அழைத்து வந்தவர் யார்? வீரையா அண்ணன்! கல் சுமந்து இந்தப் பள்ளியை எழுப்பியவர் யார்? வீரையா அண்ணன்!

கட்டடத்துக்கு உதவிய சின்னஞ்சிறு ஜெர்மானிய ஊர், தன் ஊர்ச் சின்னத்தை ஒரு தகட்டில் பொறித்து அனுப்பியது. அதை வாசலுக்கு மேலே பதித்தோம். மேற்பாதியில் ஏர், கீழ்ப்பாதியில் ஒரு கம்பு. கம்பைக் கண்டால் நம் சனங்களுக்கு வேறென்ன தோன்றும்? பழனியாண்டவர் கைத் தண்டம்! திருநீறு பூசினோம். பாதயாத்திரை போகிறவர்கள் தேங்காய் உடைத்தார்கள். முதல் தேங்காய் அண்ணனுடையதுதான்.

பிறகு அந்த ஊர் அம்மா ஒருவர் பள்ளியைப் பார்க்க வந்தார். கற்பூரத்தைக் கண்டு திகைத்துப் போனார். அவர் சொன்னதை லீலா டீச்சர் தமிழில் சொன்னார். போரில் வீடிழந்து கம்பூன்றி வந்தவர்களை அந்த ஊர் சேர்த்துக்கொண்டதாம். ஏர் ஊர்க்காரர்களுக்கு, கம்பு வந்தவர்களுக்கு. ஊரில் அவர்களுக்கும் சரிபாதி என்பதால் சின்னத்திலும் பாதியாம்.

அண்ணன் தகட்டை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அது நம்ம கம்புதான் டீச்சர்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இனிமே துன்னூறு பூச வேணாமாண்ணே?" என்று கேட்டேன்.

"ஏலே, பூசட்டும்டா. வந்தவன் கம்பையும் சனம் கும்பிட்டுட்டுப் போகட்டுமே!"

மறுநாள் வெள்ளனே அண்ணன் ஊராட்சித் தலைவர் வீட்டுக்குப் போனார். "ஊருல பாதி கேக்கலைங்க. செத்தா வைக்க, சுடுகாட்டுல ஒரு மூலை குடுங்க" என்று கைகூப்பினார். "பாப்போம்" என்றீர்கள், தலைவரே. எத்தனை மழைக்காலம் பார்த்தோம்!

போன செவ்வாய்க்கிழமை, கன்னிவாடிக்கு நெஞ்சுச் சளி வைத்தியத்துக்குப் போகும் வழியில் ஜீப்பிலேயே அண்ணன் உயிர் பிரிந்தது. உடலோடு திரும்பினால், மயானப் பாதையில் முள் வெட்டிப் போட்டுக் கிடந்தது! போட்டது யார் என்று இங்கே கேட்க மாட்டேன். கொட்டும் மழையில் ஓடைக்கரைக்குத் தூக்கிப் போனோம். தோண்டத் தோண்டக் குழியில் நீர் ஊறியது. இந்தப் பள்ளியைக் கட்டிய மனிதரை அந்தத் தண்ணீரில்தான் இறக்கினோம்.

அண்ணன் கேட்டதை நாங்களும் கேட்டுக்கொண்டே இருப்போம் என்று இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன். முதல் வரிசையில் அண்ணனின் மனைவி ராக்கம்மா அண்ணி இருக்கிறார். அவருக்கும் நெஞ்சுச் சளி முற்றிவிட்டது. இன்று காலை என்னிடம் கேட்டார்: "என்னையும் அந்தத் தண்ணியிலதான் போடுவீகளா, தம்பி?"

தலைவரே, அடுத்துப் பேசுகிறவர் நீங்கள். அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.