பையனைத் தேய்ப்பவர்

சாமராஜநகர் பஸ் மைசூரை விட்டுக் கிளம்பியதும், முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்தவரிடம், "பொண்ணு பாக்கப் போற எடத்துல, எண்ணெய் தேய்க்கறேன்னு மட்டும் சொல்லிராதண்ணா" என்றாள். அதன்பிறகு ஜன்னல் பக்கம் திரும்ப எனக்கு மனம் வரவில்லை.

"கரடிமனை குஸ்திக் கூடத்துல தினம் அதத்தானே பண்றேன்? பயில்வான் பசங்களுக்கு எண்ணெய் தேய்ச்சு, குஸ்தி சொல்லித் தர்றேன்."

"கோச்சுன்னு சொல்லேன்."

"எண்ணெய்க்காரன்னுதானே ஊரே கூப்புடுது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க பி.பி.எட். உடற்கல்விப் பாடத்துல வந்துச்சுண்ணா. பழைய கிரீஸ் தேசத்துல குஸ்தி வாத்தியாருக்கு பைடோட்ரிபெஸ்னு பேராம்."

"அப்படின்னா?"

"பைடோன்னா பையன். ட்ரிபெஸ்னா தேய்க்கறவரு."

"பையனா? நம்ம பையனேவா?"

"கேக்கத்தான் அப்படி இருக்குது. நம்ம வார்த்தை இல்ல."

"ஆனா தேய்க்கறவரு... ஹௌதா? நெசமாவா?"

"ஹௌதுண்ணா. அலெய்ப்டெஸ்னு இன்னொரு பேரும் உண்டு. எண்ணெய் பூசறவருன்னு அர்த்தம்."

"அங்கயும் எண்ணெயா!"

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

நஞ்சன்கூட்டில் அவள் போன் அடித்தது. கேட்டுவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "பொண்ணோட அப்பா. மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு கேக்கறாரு."

அவரே போனை வாங்கிக்கொண்டார்.

"எண்ணெய் தேய்க்கறேனுங்க" என்றார், பஸ் முழுக்கக் கேட்கும்படி. "பசங்களத் தேய்ச்சு ஆளாக்கறேனுங்க."