ஓட்ஸ் தீரும் வரை

ஓட்ஸ் கஞ்சி ஆறிப்போனால் சுவரொட்டிக்குத் தடவுகிற பசை மாதிரி ஆகிவிடும், ஐயா. சூடு இருக்கும்போதே குடித்துவிட வேண்டும். என் தம்பிக்கு ஒருநாளும் நான் ஆறிய கஞ்சி கொடுத்ததில்லை. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது என் வேலை. பொறுமையும் சுத்தமும் வேண்டும். தம்பி வேறு மாதிரி. எல்லோரும் அவனைப் பயில்வான் என்பார்கள். ஜிம் நடத்தினான். அங்கே வருகிறவர்களுக்கு விற்கலாம் என்று இன்ஸ்டன்ட் ஓட்ஸ் வாங்கி இறக்கினான். ஒருவரும் சீந்தவில்லை. ஜிம்மை இழுத்து மூடியதும் மிஞ்சிய பெட்டிகளோடு என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"கொஞ்ச நாள்தாண்ணா" என்றான். பெட்டிகளை எங்கள் கட்டிலுக்கடியில் தள்ளினான்.

மழைக்காலத்தில் அந்த அறையின் சுவரில் ஓதம் ஏறும். ஓட்ஸில் வண்டு விழுந்தது. பாக்கெட்டைப் பிரித்தால் நூல் பின்னி, கட்டி கட்டியாக வந்தது. பிய்த்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது. எண்ணெய் காறிப்போன மாதிரி ஒரு வாடை. தலையணை உறையில் புழு, என் மனைவியின் சீப்பில் புழு. ஒருநாள் அவள் காதோரத்திலிருந்தே ஒன்றை எடுத்துப் போட்டேன்.

"இந்த வீட்ல ஒண்ணு அந்தப் பெட்டிங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள்.

தம்பியிடம் சொன்னேன். சிரித்தான். "தூக்கிப் போட்டுடாதீங்கண்ணா. எப்படியாவது தள்ளிவிட்டுடறேன். அண்ணிய நான் சமாதானப்படுத்தறேன்."

அவள் துணிமணிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். இதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு அவன் பைக்கிலிருந்து விழுந்து தாடையை உடைத்துக்கொண்டான். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டினார்கள். எலும்பு கூடும்வரை வாயைத் திறக்க முடியாது. கடைவாய்ப்பல் விழுந்த சந்து வழியாகத் தண்ணீர் மாதிரி எதையாவது உள்ளே விடலாம், அவ்வளவுதான். மருத்துவர் ஒரு சின்னக் கட்டரை என் கையில் கொடுத்தார்.

"வாந்தி வந்தா யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க. கம்பிய வெட்டி வாயத் திறந்துடுங்க. இல்லன்னா மூச்சடைச்சுடும். இது எப்பவும் அவர் தலைமாட்டுலயே இருக்கட்டும்."

சரி என்று தலையாட்டினேன்.

கட்டிலுக்கடியில் அத்தனை ஓட்ஸ் இருக்கும்போது வேறு எதற்காக அலைய வேண்டும் என்று நினைத்தேன். முதலில் சலித்துப் பார்த்தேன். புழுக்கள் சல்லடையிலேயே நசுங்கின. மிக்ஸியில் அடித்தால் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று புரிந்தது. வெந்த பிறகு சாம்பல் நிறத்தில் இருக்கும். மேலே மினுமினுவென்று ஓர் ஏடு படியும். அதையும் கலக்கி, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் உறிஞ்சிக் கொடுப்பேன்.

"வேணாண்ணா" என்பான், பல்லைத் திறக்காமலே. "நாறுது."

"உன் சரக்குதானே" என்பேன்.

குடிப்பான். நெற்றி வேர்த்துப்போகும், கண்ணில் தண்ணீர் வரும். குடித்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொள்வான். பாசக்காரன்தான். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

பயில்வான் உடம்பு கரைந்து தோளெலும்பு துருத்தியது. தாடை எலும்பு ஒன்றுசேரத் தாமதமாகிறது என்றார் மருத்துவர். பக்கத்து வீட்டு டீச்சர் அவனுக்காக வடிகட்டிய சூப் கொண்டுவருவார். "பெத்தவங்க கூட இப்படிப் பாக்க மாட்டாங்க. உங்களுக்குத் தங்கமான மனசு" என்பார். சூப்பை அடுப்படியில் நின்று நானே குடித்துவிடுவேன். நன்றாக இருக்கும்.

அன்று காலையில் பாதிக் கஞ்சி உள்ளே போனதும் அவன் வயிறு எக்கியது. மூக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் வழிந்தது. கம்பிகளுக்கு நடுவே நுரை நுரையாகப் பிதுங்கியது. தலைமாட்டில் கையால் துழாவினான். கட்டர் அங்கே இல்லை. என் சட்டைப் பையில் இருந்தது. அவனும் பார்த்துவிட்டான். விரலை நீட்டிக் காட்டினான். நான் துண்டை எடுத்து அவன் மோவாயைத் துடைத்தேன். பையைப் பிடித்து இழுக்க வந்தான். கையை விலக்கிவிட்டு, நாற்றம் தாங்காமல் ஜன்னலைத் திறக்கப் போனேன். கொக்கி இறுகியிருந்தது. நிதானமாகத்தான் திறந்தேன். திரும்பிப் பார்த்தபோது மூச்சு அடங்கியிருந்தது.

வேண்டாத ஒரு பொருளை வீணாக்காமல் தீர்த்தேன், ஐயா. கேட்டதெல்லாம் கொடுத்து வளர்க்கப்பட்டவன் அவன். மிச்சத்தைத் தின்று வளர்ந்தவன் நான். எனக்கு எதையும் கொட்ட மனசு வராது. துக்கத்துக்கு வந்த என் மனைவியிடமும் இதையேதான் சொன்னேன். அவள் வாசலுக்கு வெளியே போய் வாந்தி எடுத்தாள்.

மளிகைக்கடைக்காரர் உங்களிடம் சொன்னது உண்மைதான். பழைய பெட்டிகள் எப்போதோ தீர்ந்துவிட்டன. அதற்குப் பிறகு நான்தான் அவரிடம் புது ஓட்ஸ் வாங்கினேன். பிரித்து, அந்த ஓதச் சுவரோரம் வைத்து, புழு பிடிக்கும் வரை காத்திருந்தேன்.